நுழையாத ஏழாவது கோயில்

பயணிகளுக்கு நான் மனாங் சோல், அதாவது சோல் அக்கா; பழகினவர்களுக்குச் சோலெங். இலோயிலோ நகரத்தின் பழைய தேவாலயங்களைச் சுற்றிக்காட்ட என்னைவிட நல்ல ஆள் கிடையாது. இதை நானேதான் சொல்லிக்கொள்கிறேன். ஊர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது. முப்பத்தியொரு வருடமாக இதே பிழைப்பு. ஹாரோ பேராலயத்தின் மணிக்கூண்டு மட்டும் ஏன் தெருவுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறது என்று யாராவது கேட்டால், "புருஷனோட சண்டை. கோவிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் போனவ இன்னும் திரும்பலை" என்பேன். சிரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் நிலநடுக்கம், கல், வருடக்கணக்கு எல்லாம்.

ஒரே ஒரு கோயிலுக்குள் மட்டும் நான் கால் வைத்ததில்லை. ஆற்றங்கரையில் இருக்கிற சான் ரோக்கே. சனங்கள் படகில் பூசைக்கு வந்த காலத்தில் கட்டியது. அதனால் அதன் வாசல் ஆற்றைப் பார்த்திருக்கும். தெருவிலிருந்து நமக்குத் தெரிவது முதுகுதான். இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் அதன் கதையைச் சொல்லிவிட்டு, "போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று அனுப்பிவிடுவேன். கிழவிக்கு முழங்கால் வலி போல என்று அவர்களாக நினைத்துக்கொள்வார்கள். என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோயிலுக்குள் வாழ்க்கையில் முதல் தடவை நுழைகிறவர்கள் மூன்று வேண்டுதல் கேட்கலாம். அந்த மூன்றையும் ஆண்டவர் தட்டமாட்டார். இரண்டாம் தடவை போனால் அது வெறும் ஜெபம், எல்லோரும் போடுகிற மனுவோடு மனுவாகப் போய்விடும். பங்குச்சாமியாரைக் கேட்டால் இதெல்லாம் வேதத்தில் இல்லை என்பார். ஆனால் அவரே முதல் முறை ரோமாபுரிக்குப் போனபோது மூன்று கேட்டுவிட்டு வந்தவர்தான்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அன்செல்மோ பல்மாரெஸ் என்று ஒருவன் இருந்தான். கப்பல் படிப்பு படித்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் கொஞ்சம் பெரிது. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜீப்னி என்கிற எங்கள் ஊர் மினிபஸ்ஸின் பின்படியில் தொற்றிக்கொண்டு இந்த மாகாணத்துக் கோயில்களை ஒவ்வொன்றாகத் தீர்த்தோம். மியாகாவோ, குயிம்பால், திக்பாவான் என்று இருபத்துமூன்று கோயில். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு மூன்று வேண்டுதல், அத்தனையும் ஒன்றேதான்: எங்கள் கல்யாணம். இன்றைக்கு நினைத்தால் ஆண்டவருக்கே அலுத்திருக்கும் என்று தோன்றுகிறது. அப்போது வழியில் வாங்கித் தின்ற வேகவைத்த கடலையின் உப்பு விரலில் இருக்க, அதே விரலால் சிலுவை போட்டுக்கொள்வோம். அப்படி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லை என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சான் ரோக்கேயை மட்டும் தொடாமல் விட்டோம். கல்யாணம் அங்கேதான், அன்றைக்குத்தான் முதல் முறை உள்ளே போவது, அந்த மூன்றையும் சேர்ந்து கேட்பது என்று பேச்சு. எண்பதாம் வருடம் அவன் கப்பலேறினான். இரண்டு வருடம் கடிதம் வந்தது. பிறகு நின்றது. நார்வேயில் யாரையோ கட்டிக்கொண்டான் என்று அவனுடைய சித்தி மீன்கடையில் வைத்துச் சொன்னாள்.

நானும் கல்யாணம் செய்துகொண்டேன். இல்தெஃபோன்சோ என்று நீளமான பேர், ஊருக்குப் போன்சோ. ஜீப்னி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். நான் வழிகாட்டியானபோது அவனுடைய ஜீப்னிதான் பயணிகளின் வண்டி. முதல் நாள் சான் ரோக்கேயின் இரும்புக் கதவருகே நான் நின்றுவிட்டதைப் பார்த்து, "என்ன?" என்றான். "ஒரு நேர்ச்சை. கேக்காத" என்றேன். கேட்கவில்லை. அன்றிலிருந்து அங்கே மட்டும் பயணிகளை அவன்தான் அழைத்துப் போவான்.

ஆறு வருடம் முன்பு அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. மாகாணத்தில் நான் நுழையாத கோயில் அந்த ஒன்றுதான் பாக்கி. போனேன். இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். வேறொருவனுக்காக எடுத்து வைத்ததைப் புருஷனுக்குக் கொடுப்பது எச்சில் சோறு போடுவது மாதிரி என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த மூன்றும் போய்விட்டால் அந்தப் பத்தொன்பது வயதும் போய்விடும் என்று பயந்தேன். "கோயிலுக்குப் போனியா?" என்றான் போன்சோ. "போனேன்" என்றேன். நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்தான். இதை இதுவரை பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில்தான் போன தவக்காலத்தில் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். பெரிய வியாழனன்று வழக்கப்படி ஏழு கோயில் பார்க்க வேண்டும், இரண்டு பேர், அப்பாவும் மகளும். பேர் கேட்டேன். இங்க்ரிட் பல்மாரெஸ், அப்பா அன்செல்மோ என்றாள்.

பெரிய வாரத்தில் தலைக்குச் சாயம் பூசக் கூடாது. புதன்கிழமை பூசினேன்.

வியாழன் காலை வேனிலிருந்து இறங்கியவனுக்குத் தலை வழுக்கை. வயிறு அவனுக்கு முன்னால் வந்தது. காது மட்டும் அப்படியே இருந்தது. என்னை நேராகப் பார்த்துக் கையைக் கொடுத்து, "வணக்கம் மனாங். வெயிலுக்கு முன்னாடி முடிச்சிரலாமா?" என்றான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன் என்னை அக்கா என்கிறான். நான் அப்போது ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன். இப்போது இரண்டு சோலெங் செய்யலாம். அடையாளம் தெரியாததில் அவன்மேல் குற்றமில்லை என்று மனசு சொன்னது. சாயத்துக்குச் செலவழித்ததுதான் வீண்.

மகளுக்கு நாற்பது இருக்கும். ஐந்து மாத வயிறு. எங்கள் மொழியைக் கஞ்சியில் கல் கடிபடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினாள், ஆனால் நல்ல பெண். அவள் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் அன்செல்மோ என் பக்கம் குனிந்தான்.

"மனாங், ஒரு உதவி. நான் இதுவரைக்கும் நுழையாத கோயில் ஒண்ணு எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"மூணு தடவை கலைஞ்சிருச்சு இவளுக்கு. இது நாலாவது. இவ அங்க பொறந்து வளந்தவ, வேண்டிக்கம்மான்னா சிரிக்கிறா. நான் கேட்டாதான் உண்டு. ஆனா நான் இந்த ஊர்ல எல்லாத்தையும் சின்ன வயசுலயே காலி பண்ணிட்டேன்."

"எல்லாத்தையுமா? யாரோட சுத்துனீங்க அப்படி?"

"அது ஒரு காலம்" என்று சிரித்தான்.

சான் ஹோசேயில் இருந்து ஆரம்பித்தோம். உள்ளே நுழைந்ததும் நின்று மூச்சை இழுத்து, "இங்க முன்னாடியே வந்திருக்கேன்" என்றான். லா பாஸ்: "வந்திருக்கேன்." ஹாரோவில் மணிக்கூண்டுச் சண்டையைச் சொன்னேன், இங்க்ரிட் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் அந்தப் பழைய படிக்கட்டைப் பார்த்தபடி, "இங்க ஒரு கிழவர் உட்கார்ந்து சோளம் சுட்டு வித்துட்டிருப்பார்" என்றான். எனக்கும் அந்தக் கிழவர் ஞாபகம் இருந்தார். ஒரு கதிரை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை எனக்கும் சின்னதை அவனுக்கும் தருவார்.

வழியில் அவனுக்கு பாச்சோய் வேண்டுமாம். பன்றிக் குடலும் மூளையும் போட்ட சூப்பு, பெரிய வியாழனன்று.

"நாளைக்குச் சிலுவைப்பாடு. இன்னிக்குக் குடலா?" என்றேன். "நார்வேல பெரிய வாரமே கிடையாதா?"

"அப்பா கிறிஸ்துமஸ்க்கு மட்டும்தான் கோயிலுக்குப் போவார் மனாங்" என்று போட்டுக்கொடுத்தாள் இங்க்ரிட்.

"வாயை மூடு" என்றான் அவன். கடைசியில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த வாழைப்பழத்தோடு அடங்கினான்.

மோலோ கோயிலில் தூணுக்குத் தூண் பெண் புனிதைகள் நிற்பார்கள். பெரிய வாரமானதால் எல்லாரையும் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். எந்தத் துணிக்குள் யார் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவன் முந்திக்கொண்டான்.

"இது அப்பொலோனியா. பல்வலிக்காரி. அது லூசியா, கண்ணைத் தட்டுல வெச்சிருப்பா. அந்தக் கடைசில செசிலியா."

மகள் அசந்து போனாள். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்தா. தப்பாச் சொன்னா கிள்ளுவா."

"அம்மாவுக்குத் தெரியுமா அந்தப் பொண்ணை?"

"பேசாம வா."

நாற்பத்துமூன்று வருடம் கழித்தும் வரிசை மாறாமல் சொல்கிறான். கிள்ளியது ஞாபகம் இருக்கிறது. கிள்ளியவள் ஒரு கை தூரத்தில் நிற்பது தெரியவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவனாகக் கண்டுபிடித்ததாக ஆகாதே என்ற வீம்பில் விழுங்கிவிட்டேன்.

ஆறு கோயில் முடிந்தது. ஆறிலும் "வந்திருக்கேன்" என்றான். ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஆறாவதிலிருந்து வேன் கிளம்பியபோது மகளின் தோளைத் தட்டிக்கொடுத்தபடி என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. ஏழாவதை நான் வேறொரு கோயிலாக மாற்றியிருக்க முடியும். ஊரில் கோயிலுக்கா பஞ்சம்? ஆனால் அவன் நுழையாதது எது என்று உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு குழந்தையின் காரியம் வேறு. "ஆத்தங்கரைக்கு விடுப்பா" என்று ஓட்டுநரிடம் சொன்னேன்.

சான் ரோக்கேயின் இரும்புக் கதவருகே இறங்கி அண்ணாந்து பார்த்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றி சுருங்கியது. விரிந்தது.

"இது... இதுக்குள்ள நான் போனதில்லை மனாங்" என்றான் மலர்ந்துபோய். "அப்பல்லாம் பூட்டியே கிடக்கும்னு நினைக்கிறேன். அதான் விட்டுப்போச்சு."

"இது ஒரு நாளும் பூட்டிக் கிடந்ததில்லை" என்றேன்.

"அப்படியா? அப்ப ஏன் வராம விட்டேன்?"

வழக்கமான ஐந்து நிமிடக் கதையை ஒரு நிமிடத்தில் ஒப்பித்து, "போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றேன். இருவரும் முற்றத்தைத் தாண்டி, கோயிலின் பக்கவாட்டில் திரும்பி, ஆற்றைப் பார்த்த வாசல் பக்கமாக மறைந்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பூட்டியே கிடந்ததாம். அவன் மறந்துபோன ஒரு பேச்சுக்காக நான் என் புருஷனைச் சாக விட்டேன். அப்படித்தான் எனக்குப் பட்டது. அப்படித்தான் இப்போதும் படுகிறது.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற பாசிங் வழக்கம்போல எனக்குத் தண்ணீர் செம்போடு வந்தாள். எழுபது வயது. முப்பது வருடமாகக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தருவாள், நான் இந்தப் பக்கம் நின்று குடிப்பேன்.

"ஏன்டி சோலெங், மூஞ்சி இப்படிக் கிடக்கு?" என்று சத்தமாகக் கேட்டாள். அவளுக்குக் காது மந்தம். அதனால் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவாள்.

அதே நேரம் அன்செல்மோ கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தான். அந்தப் பெயரைக் கேட்டதும் நின்றான். கிட்டே வந்தான். என் முகத்தைக் காலையிலிருந்து பார்க்காதவன் மாதிரி பார்த்தான்.

"சோலெங்?"

"ஆமா. உங்க மனாங்."

கோயிலைத் திரும்பிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நான் பிடித்திருந்த கம்பியைப் பார்த்தான். நினைவு வந்துவிட்டது; அந்தப் பெரிய காதுகள் சிவந்ததில் தெரிந்தது.

"கல்யாணத்தன்னிக்குத்தான் உள்ள போறதுன்னு..."

"பூட்டியிருந்துச்சுன்னு சொன்னீங்க."

"மன்னிச்சிரு சோலெங். கப்பல் பழுதாகி நார்வேல ஒரு ஊர்ல அஞ்சு மாசம் கிடந்தோம். எனக்கு நிமோனியா. ஆஸ்பத்திரில இங்க்ரிட்டோட அம்மா நர்ஸ். உனக்கு எழுதணும் எழுதணும்னு... வெக்கத்துல எழுதலை. அப்புறம் எழுதாததுக்கே வெக்கம்."

இந்தப் பதிலுக்காகத்தான் நாற்பது வருடம். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு சுண்டு விரலில் அடங்கிவிடும்.

"நீ இன்னும் உள்ள போகலையா?" என்று தயங்கிக் கேட்டான். "எனக்காகவா, இத்தனை வருஷம்?" அவன் குரலில் வருத்தம்தான் அதிகம். ஆனால் ஒரு துளி பெருமையும் இருந்தது. ஆண்பிள்ளைப் புத்தி, எங்கே போகும்.

அது பாசிங்கின் மந்தக் காதிலும் விழுந்துவிட்டது. அவள் செம்பைக் கதவுத் திட்டில் நங்கென்று வைத்தாள்.

"உனக்காகவோ எவனுக்காகவோ இவ இங்க நின்னா. இவளுக்காக ஒருத்தன் அங்க நின்னானே, அவனை என்ன சொல்றது?"

"யாரு?" என்றேன்.

"உன் போன்சோதான். வேற யாரு? இருபத்தஞ்சு வருஷம் சுத்திப்பாக்க வந்தவங்களை வாசப்படி வரைக்கும் கூட்டிட்டு வருவான். உள்ள வரமாட்டான். நான்தான் உள்ள எல்லாம் காட்டி அனுப்புவேன். ஏன்டா வாசல்லயே நிக்கிறேன்னா, 'அவ வரட்டும் மனாங், ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கறோம்'பான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற. சொன்னா அவனுக்காக வருவியாம், நீயா வரணுமாம்."

"பாசிங், பொய் சொல்லாத. அவன் உள்ள போயிட்டு வந்து எல்லாம் சொல்லுவானே. பீடத்துல புதுசா பொன் பூசியிருக்காங்கன்னு..."

"நான் சொன்னதை உனக்கு வந்து சொல்லியிருக்கான். கடைசில மஞ்சக் கையும் வீங்கின காலுமா ஒரு நாள் வந்தான். தனியா. டேய், இப்பவாவது உள்ள போய் உனக்காகக் கேளுடான்னேன். படியில உட்கார்ந்து ஆத்தைப் பாத்துட்டே இருந்தான். அவ இரும்புக் கதவைத் தாண்டி வரும்போது பாத்துக்கலாம்னு எந்திரிச்சுப் போயிட்டான்."

அந்தப் படியிலிருந்து இரும்புக் கதவு தெரியாது. கதவிலிருந்து அந்த வாசல் தெரியாது. இருபத்தைந்து வருடம் ஒரு சுவரின் இரண்டு பக்கமும் நாங்கள் நின்றிருக்கிறோம். நான் வேறொருவனை நினைத்துக்கொண்டு, அவன் என்னை நினைத்துக்கொண்டு. அப்போது வந்த அழுகை எனக்கே பயமாக இருந்தது. இங்க்ரிட் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். அன்செல்மோ ஏதோ சொல்ல வந்தான்.

"நீங்க உங்க மூணையும் கேட்டாச்சா?" என்றேன்.

"கேட்டாச்சு."

"அப்ப வேன்ல போய் உட்காருங்க அண்ணே. வெயில்ல மககூட நிக்காதீங்க."

இரும்புக் கதவைத் தள்ளினேன். முற்றத்தைத் தாண்டிச் சுவரோரமாகத் திரும்பினேன். ஆறு தெரிந்தது. வாசலில் மூன்று கல்படி. நடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பாசிங் பின்னால் வந்து நின்றாள். பிறகு எழுந்து உள்ளே போனேன்.

கோயில் நான் முப்பத்தியொரு வருடம் வர்ணித்ததைவிடச் சின்னது. சான் ரோக்கேயை ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். முழந்தாளிட்டேன். முதல் முறை வருகிறேன், எனக்கு மூன்று உண்டு என்று சொல்லிக்கொண்டேன். இல்தெஃபோன்சோவின் சிறுநீரகம் இரண்டும் குணமாக வேண்டும் என்று முதலில் கேட்டேன். அவன் செத்து ஆறு வருடமாகிறது என்று எனக்கும் தெரியும், மேலே இருக்கிறவருக்கும் தெரியும். இரண்டாவதாகவும் அதையே கேட்டேன். மூன்றாவதாகவும் அதையே கேட்டேன்.